கண்மாய்க் கரையில் ஒரு கிளைடர்: மதுரைப் பக்கம் சரிவுக் காற்றில் பறக்கவிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடி மாதச் சாயங்காலங்களில் ஏதாவது ஒரு கண்மாய்க் கரையில் டிரான்ஸ்மிட்டரை, அதாவது கிளைடர் என்ற சின்ன விமானத்தைத் தரையிலிருந்து ரேடியோவில் இயக்கும் பெட்டியை, பிடித்துக்கொண்டு நிற்பது என் வழக்கம். மோட்டார் இல்லாத விமானம் முக்கால் மணி நேரம் கண் முன்னால் போய் வந்துகொண்டிருந்தால் யாராக இருந்தாலும் நின்று பார்ப்பார்கள், பார்த்தால் கேட்பார்கள். சிலர் வீட்டுக்குப் போய்ச் செய்து பார்த்துவிட்டு, உடைத்துவிட்டு, மறுபடி வந்து கேட்பார்கள். இரண்டு வகைக் கேள்விகளும் கீழே கலந்தே இருக்கின்றன.

மோட்டார் இல்லை என்கிறீர்கள். பிறகு எப்படி விழாமல் நிற்கிறது?

விழுந்துகொண்டேதான் இருக்கிறது. அது விழும் வேகத்தைவிடக் காற்று மேலே ஏறும் வேகம் அதிகம், அவ்வளவுதான். வீசும் காற்றுக்குக் குறுக்கே ஒரு மேடு இருந்தால் காற்று அதில் முட்டி மேலேறித்தான் தாண்ட வேண்டும். 30 டிகிரிச் சரிவில் விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டரில், காற்று ஏறுகிறது என்றால் அதில் மேல்நோக்கிய பங்கு விநாடிக்கு 3 மீட்டர். நம் கிளைடர் அமைதியான காற்றில் விநாடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாகவே இறங்கும். மீதி நமக்கு லாபம். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி, ரேடியோ கட்டளையை வாங்கும் ரிசீவருக்கும், அதன்படி இறக்கை மடிப்புகளை அசைக்கும் சர்வோ என்ற இரண்டு குட்டி மோட்டாருக்கும் மட்டும்.

இது புதுசும் இல்லை. 1911 அக்டோபரில் ஆர்வில் ரைட் அமெரிக்காவின் கிட்டி ஹாக் மணல்மேட்டில், மோட்டார் இல்லாத கிளைடரில், வீசும் காற்றை மட்டும் நம்பி 9 நிமிடம் 45 விநாடி மிதந்தார். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் என்னிடம், “ஏய்யா, இதுக்குக் கரண்டு எங்கருந்து வருது?” என்றார். “காத்துதாங்கய்யா” என்றேன். “அப்ப பருந்து மாதிரின்னு சொல்லு” என்று சொல்லிவிட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார். நான் மேலே ஒரு பத்தி எழுதியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

மதுரையில் இதற்கு மலை வேண்டுமே, யானைமலையிலா விடுகிறீர்கள்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். யானைமலை, நாகமலை, கீழக்குயில்குடி சமணர் மலை, திருப்பரங்குன்றம் என்று ஊரைச் சுற்றிப் பாறையாகவே இருக்கிறது, உண்மைதான். ஆனால் இவற்றில் பல இடங்களில் சமணர் படுகைகளும் கல்வெட்டுகளும் குடைவரைகளும் கோயில்களும் இருக்கின்றன. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடத்தில் விளையாட்டுச் சாமானோடு ஏறுவது சரியில்லை. அழகர்மலை காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் பேச்சே இல்லை. திருப்பரங்குன்றம் விமான நிலையத்துக்கு மிக அருகில். இதையெல்லாம் விட்டாலும் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. மொட்டைப் பாறை மேல் இறக்க இடம் கிடையாது. உருண்டையான கருங்கல்லில் இறங்கும் நுரை விமானம் சறுக்கிக்கொண்டே போய் எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது.

எனக்குப் பிடித்தது கண்மாய்க் கரை. மதுரைச் சீமையில் நிலம் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. அதனால் கரையைத் தாழ்ந்த பக்கமான கிழக்கில் போட்டிருப்பார்கள், கண்மாயின் உள்வாய், அதாவது தண்ணீர் தேங்கும் பரப்பு, மேற்கே விரிந்திருக்கும். ஆடிக்காற்று வருவது மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும். திறந்த சமவெளியாகக் கிடக்கும் உள்வாயைத் தாண்டி வந்து நேராகக் கரையில் முட்டும். இதைவிட நல்ல சரிவைத் திட்டம் போட்டுக் கட்டினாலும் கிடைக்காது.

நாலு மீட்டர் கரை போதுமா?

இலகுவான விமானத்துக்குப் போதும். கரை நாலு மீட்டர் உயரம் என்றால் அதற்கு மேல் இன்னொரு நாலைந்து மீட்டர்தான் உதவும் காற்று இருக்கும். அந்தப் பட்டைக்குள்ளேயே, கரைக்கு இணையாக, தெற்கும் வடக்குமாக ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். கரை நீளமாகவும் நேராகவும் இருப்பது உயரத்தைவிட முக்கியம்.

ஒரே தொல்லை சீமைக்கருவேலம். ஆடியில் கண்மாய் வறண்டுதான் கிடக்கும், வறண்ட உள்வாயில் கருவேலம் அடர்ந்திருந்தால் காற்றைக் கலக்கிவிடும். கரைக்கு முன்னால் குறைந்தது நூறு மீட்டராவது வெட்டவெளியாக இருக்கும் கண்மாயாகப் பாருங்கள். கரைமேல் ஆலமரமோ பனை வரிசையோ இருந்தால் அந்த இடத்தை விட்டுத் தள்ளி நில்லுங்கள்.

இன்னும் பெரிய இடம் வேண்டுமென்றால் உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கம் போக வேண்டும். கணவாய் வழியாகப் பிதுங்கி வரும் காற்றை நம்பித்தான் அந்தப் பக்கத்தில் காற்றாலைகளையே நட்டிருக்கிறார்கள். அங்கே காட்டு எல்லை எது, பட்டா நிலம் எது என்று விசாரித்துவிட்டு நில்லுங்கள்.

எந்த மாதம்? எந்த நேரம்?

தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை என்று நாலு திசைக் காற்றுக்கும் நம்மிடம் பேர் இருக்கிறது. நமக்கு வேண்டியது கோடை, ஊர்ப்பேச்சில் மேல்காற்று. ஆனி பிறந்ததும் ஆரம்பிக்கும், ஆடியில் உச்சம், ஆவணியில் விட்டு விட்டு வீசும். மதுரை மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவத்தின் மழை பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும், காற்று மட்டும் நம் பக்கம் வரும்.

மத்தியானம் வெயில் ஏறிய பிறகு காற்று முரட்டுத்தனமாக அடிக்கும், தரைச்சூட்டில் கிளம்பும் வெப்பக்காற்றும் அதில் கலந்து தூக்கிப் போட்டு விளையாடும். நாலரை மணிக்கு மேல் அது ஒரு சீருக்கு வரும். பழகுகிறவர்களுக்கு அதுதான் நேரம். காற்று போதுமா என்று பார்க்க ஒரு துண்டை நுனியில் பிடித்துத் தொங்கவிடுங்கள். பாதிக்கு மேல் தூக்கி நின்றால் இலகுவான விமானத்தை வீசலாம். துண்டு கையை விட்டுப் பறக்கப் பார்த்தால் எடை ஏற்ற வேண்டும்.

கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று வடகிழக்காக, எதிர்ப்பக்கமிருந்து வரும். அப்போது கரையின் வெளிச்சரிவில், வயல் பக்கம் பார்த்துப் பறக்கவிட வேண்டியிருக்கும். முதுகுக்குப் பின்னால் கண்மாய் நிறையத் தண்ணீர். ஒரு ரிசீவரைத் தண்ணீரில் விட்ட பிறகு அந்தப் பருவத்தில் நான் கரைக்குப் போவதில்லை.

முதலில் எந்த மாதிரி விமானம் செய்யலாம்?

வாலே இல்லாத பறக்கும் இறக்கை. அழகான, நீளமான, பால்சா மர விமானம் எல்லாம் பிறகு. முதல் இருபது தடவையில் பத்துத் தடவையாவது தரையில் குத்துவீர்கள். இபிபி என்ற வளைந்து கொடுக்கும் நுரையில் செய்த இறக்கை குத்தினால் நசுங்கி மறுபடி பழைய வடிவத்துக்கு வரும், தெர்மாகோல் உடைந்துவிடும்.

நான் செய்யும் அளவு: முனைக்கு முனை 120 செ.மீ., நடுவில் அகலம் 32, நுனியில் 20, முன்விளிம்பு நுனிக்குப் போகும்போது 28 செ.மீ. பின்னுக்குச் சாய்ந்திருக்கும். எல்லாம் சேர்த்து 450 முதல் 600 கிராமுக்குள் முடிக்கலாம். குறுக்குவெட்டுக்கு எம்எச் 45 போல வால் இல்லாத விமானத்துக்கென்றே வரைந்த வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண இறக்கையின் வடிவத்தைப் போட்டால் மூக்கைக் குத்திக்கொண்டே இருக்கும்.

பொருள்கள் மதுரையிலேயே கிடைக்குமா?

பாதி கிடைக்கும். இபிபி நுரை, கார்பன் குச்சி, 9 கிராம் சர்வோ, ரிசீவர் ஆகியவற்றைத் தபாலில்தான் வரவழைக்க வேண்டும். நுரையை வெட்டச் சூடாக்கும் நைக்ரோம் கம்பி எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும். கண்ணாடி இழை ஓடும் ஸ்ட்ராப்பிங் டேப்பும் கலர் பேக்கிங் டேப்பும் பேக்கிங் சாமான் கடையில். மூக்குக்கு வைக்கும் ஈயத்துக்குத் தூண்டில் சாமான் விற்கும் கடைக்குப் போங்கள், சிறிய ஈயக்குண்டாகக் கிடைக்கும். வெட்டும் அச்சுக்குத் தச்சரிடம் மிச்சம் கிடக்கும் சன்மைக்காத் துண்டு. செலவில் பெரும்பங்கு டிரான்ஸ்மிட்டருக்குத்தான் போகும். ஆனால் அது ஒரு தடவை வாங்குவது. இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் ஆடும் இரண்டு மடிப்புகளுக்கு எலவான் என்று பேர்; அவற்றை ஏற்றி இறக்கவும் சாய்க்கவும் சேர்த்து இயக்கும் எலவான் கலவை இருக்கும் ஆறு சேனல் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை: பெவிக்விக் இபிபியை ஒன்றும் செய்யாது, தெர்மாகோலைத் தின்றுவிடும். தெர்மாகோலில் வெட்டிப் பழகுகிறவர்கள் இதை மறந்து ஒட்டிவிட்டு, இறக்கையில் குழி விழுந்ததைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

நுரையை எப்படி வெட்டுவது?

சூடான கம்பியால். நடுப்பக்க அச்சு ஒன்று, நுனிப்பக்க அச்சு ஒன்று, இரண்டையும் நுரைக்கட்டியின் இரு ஓரத்திலும் ஆணி குத்திப் பொருத்துங்கள். அச்சின் ஓரம் வழவழப்பாக இல்லாவிட்டால் கம்பி அங்கே தயங்கும், தயங்கிய இடத்தில் பள்ளம் விழும். ஆகவே உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேயுங்கள். நடு அச்சின் சுற்றளவும் நுனி அச்சின் சுற்றளவும் ஒன்றில்லை அல்லவா? இரண்டையும் பத்துச் சம பங்காகப் பிரித்து எண் எழுதிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, ஒருவர் “ஒண்ணு… ரெண்டு…” என்று சொல்லச் சொல்ல, இரண்டு பேரும் அதே எண்ணில் இருக்க வேண்டும். என் மச்சான்தான் மறுமுனை. அவன் அவசரக்காரன், அதனால் என் முதல் இறக்கையின் நுனி அலை அலையாக இருந்தது. பறந்தது, அது வேறு விஷயம்.

நுனி அச்சைப் பொருத்தும்போது முன்பக்கம் ஒன்றிரண்டு டிகிரி தாழ்ந்திருக்கட்டும். மெதுவாகத் திரும்பும்போது நுனி காற்றைத் தவறவிட்டுப் புரளாமல் இருக்க இது உதவும். இரண்டு பக்கமும் ஒரே அளவு தாழ்வு இருக்கிறதா என்று, இறக்கையைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு தடவை டேப்பை இழுத்து ஒட்டியதில் இடது பக்கம் முறுக்கிக்கொண்டதைக் கவனிக்காமல் விட்டேன். அன்று சாயங்காலம் முழுக்க அது இடது பக்கம் மட்டுமே திரும்பியது.

சிஜி, சிஜி என்கிறார்களே, அது அவ்வளவு முக்கியமா?

மற்றதெல்லாம் சுமாராக இருந்தாலும் பறக்கும். இது தப்பினால் பறக்காது. சிஜி என்பது விமானத்தின் மொத்த எடையும் சமன்படும் புள்ளி. வாலுள்ள விமானத்தில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் வால் பிடித்துக்கொள்ளும். வால் இல்லாத இறக்கையில் ஒரு செ.மீ. பின்னால் போனாலே பூனைக்குட்டி மாதிரி துள்ளிக் குட்டிக்கரணம் போடும்.

மேலே சொன்ன அளவுக்குக் கணக்கு இப்படி வரும். இறக்கையின் சராசரி அகலம் 26.5 செ.மீ. அந்த அகலம் வருகிற இடம் நடுக்கோட்டிலிருந்து 27.7 செ.மீ. தள்ளி. முன்விளிம்பு அங்கே மூக்கிலிருந்து 12.9 செ.மீ. பின்னால் இருக்கும். அந்தச் சராசரி அகலத்தில் 15 முதல் 20 சதவீதத்துக்குள் சிஜி இருக்க வேண்டும் என்பது பழக்கம். கூட்டினால் மூக்கிலிருந்து 17 முதல் 18 செ.மீ. வரும். முதல் நாள் 17-இல் வையுங்கள். அடியில் அந்த அளவில் இரண்டு பக்கமும் புள்ளி வைத்து, இரண்டு விரலில் தூக்கி, மூக்கு லேசாகத் தாழும்வரை ஈயம் சேருங்கள். பேட்டரியை எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளினால் ஈயம் குறையும்.

“நூறு கிராம் ஈயமா, விமானம் கனக்குமே” என்று மனசு கேட்காது. வையுங்கள்.

வீசுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

விமானத்துக்குப் பின்னால் நின்று ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுங்கள், இரண்டு எலவானும் மேலே ஏற வேண்டும். வலப்பக்கம் தள்ளுங்கள், வலது எலவான் மேலே, இடது கீழே. இதைத் தலைகீழாக வைத்துவிட்டு வீசியவர்கள் பட்டியலில் நானும் உண்டு. விநாடிக் கணக்கில் முடிந்துவிட்டது. ஸ்டிக்கைத் தொடாத நிலையில் இரண்டு எலவானும் 2 அல்லது 3 மி.மீ. மேல்நோக்கி நிற்கட்டும். உயர்த்தித் தாழ்த்துவதற்கு இரண்டு பக்கமும் 7 மி.மீ., சாய்ப்பதற்கு 12 மி.மீ. அசைவு ஆரம்பத்துக்குப் போதும். ஸ்டிக் நடுவில் மென்மையாக இருக்க, டிரான்ஸ்மிட்டரில் எக்ஸ்போ என்ற அமைப்பை 30 சதவீதம் போட்டுக்கொள்ளுங்கள்.

வீசுவது காற்றுக்கு நேராக, மட்டமாக, மூக்கு ஒரு துளி தாழ்ந்து. மேல்நோக்கி எறியவே கூடாது. முதல் நாள் வேறொருவர் வீசட்டும், உங்கள் இரண்டு கட்டை விரலும் ஸ்டிக்கிலேயே இருக்கட்டும். திரும்புவது எப்போதும் கரையை விட்டு வெளியே, காற்று வரும் பக்கமாக. கரைப் பக்கம் திரும்பினால் காற்றும் சேர்ந்து தள்ளும், யோசிக்க நேரம் இருக்காது.

பறக்கிறது, ஆனால் ஏதோ சரியில்லை. எப்படிச் சரி செய்வது?

இங்கேதான் பொறுமை வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும்.

உயரம் கிடைத்ததும், கரையை விட்டு வெளியே பார்க்க, 45 டிகிரி அளவுக்கு மூக்கைத் தாழ்த்திவிட்டு ஸ்டிக்கை விட்டுவிடுங்கள். வேகம் ஏற ஏற விமானம் சட்டென்று மூக்கைத் தூக்கினால் மூக்குக் கனம். 5 கிராம் ஈயத்தை எடுத்துவிட்டு, எலவானையும் அதற்கேற்பக் கொஞ்சம் தாழ்த்துங்கள். மெதுவாக, பெரிய வளைவில் எழுந்தால் அப்படியே விட்டுவிடலாம். எழாமல் இன்னும் செங்குத்தாகப் போனால் வால் கனம். உடனே இழுத்துக் காப்பாற்றி, இறக்கி, ஈயம் சேருங்கள். ஒரு மாலையில் இப்படி நாலைந்து தடவை செய்தால் போதும். நான் ஈயத்தை ஐந்து ஐந்து கிராமாக வெட்டி மருந்து டப்பாவில் போட்டுக் கொண்டுபோகிறேன்.

இன்னொன்று, வேகத்தில் “படபட”வென்று சத்தம் வந்தால் எலவான் அதிர்கிறது. இணைப்புக் கம்பியில் எங்கோ ஆட்டம் இருக்கிறது. கம்பியை, சர்வோவில் சுழலும் கையில் உள்ளோட்டையிலும், எலவானில் ஒட்டிய கொம்பில் வெளியோட்டையிலும் மாற்றிப் போட்டால் ஆட்டம் குறையும், பிடியும் வலுவாகும். அந்தச் சத்தத்தோடு தொடர்ந்து பறக்கவிட்டால் சர்வோவுக்குள் இருக்கும் பல்சக்கரம் போய்விடும்.

காற்று பலமாக இருக்கும் நாளில் எடை ஏற்றுவது ஏன்? இலகுவாக இருந்தால்தானே நல்லது?

இலகுவான இறக்கைக்குக் காற்றை எதிர்த்து முன்னேறும் வேகம் இருக்காது. மணிக்கு 40 கிலோமீட்டர் காற்றில் நின்ற இடத்தில் நிற்கும், பிறகு பின்னால் போகும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பழமொழி; 450 கிராம் நுரை எம்மாத்திரம்? எடை கூடினால் இறங்கும் வேகமும் கொஞ்சம் கூடும், பறக்கும் வேகம் அதைவிடப் பயனாகக் கூடும். 800 கிராம் வரை ஏற்றியிருக்கிறேன். ஏற்றும் எடை சிஜி புள்ளியிலேயே உட்கார வேண்டும், இல்லாவிட்டால் சரி செய்ததெல்லாம் கலைந்துவிடும்.

எவ்வளவு வேகம் போகும்?

நம்முடையது மணிக்கு 50, 60 கிலோமீட்டர். உலகத்தில் வேறு கதை நடக்கிறது. மலைமுகட்டின் பின்பக்கம், வேகக்காற்றும் அமைதிக்காற்றும் சந்திக்கும் எல்லையில் வட்டமடித்து, ஒவ்வொரு சுற்றிலும் வேகம் சேர்த்து, 2021-இல் கலிபோர்னியாவில் மோட்டார் இல்லாத ரேடியோ கிளைடர் ஒன்று மணிக்கு 880 கிலோமீட்டரைத் தாண்டியது. அது முழுக் கார்பன் விமானம். நுரையில் முயற்சி செய்யாதீர்கள்.

எப்படி இறக்குவது?

கரைக்குப் பின்னால் காற்று சுருண்டு கீழே இறங்கும். அங்கே விமானம் போனால் யாரோ கையால் அழுத்தியது போல விழும். அதனால் கரைக்கு முன்பக்கச் சரிவிலேயே, காற்றை எதிர்த்துத் திரும்பி, உயரத்தைக் கரைத்து, புல்மேல் வைக்கிறேன். உள்வாய் வறண்டிருந்தால் கீழே இறங்கி மட்டமான தரையில் இறக்குவது இன்னும் சுலபம். கரையில் சைக்கிளும் ஆடும் போய்க்கொண்டிருக்கும், ஆள் தாண்டட்டும் என்று ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றுங்கள்.

அனுமதி ஏதும் வேண்டுமா?

2021 டிரோன் விதிகளைப் படித்துவிடுங்கள். மோட்டார் இல்லாததால் நமக்கு இது பொருந்தாது என்று வாதாடுவதைவிட அதற்குள் நடந்துகொள்வது நல்லது. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் முன்அனுமதி இல்லாமல் கூடாது, 8 முதல் 12 வரை 200 அடிக்குள், அதற்கு அப்பால், முன்அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடிக்குள். விமானப் போக்குவரத்துத் துறையின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் உங்கள் கண்மாய் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மதுரை விமான நிலையம் ஊருக்குத் தெற்கே இருப்பதால் தென்பக்கக் கண்மாய்கள் பல அடிபட்டுப் போகும். மேற்கும் வடக்கும் தேடுங்கள்.

பருந்து அடிக்குமா?

பெரும்பாலும் அடிக்காது, கூடவே பறக்கும். செம்பருந்து ஒன்று பக்கத்தில் வந்து இறக்கையை ஆட்டாமல் நிற்கும் இடத்துக்கு உங்கள் விமானத்தைக் கொண்டுபோங்கள், அங்கே காற்று ஏறுகிறது. முட்டையும் குஞ்சுமாக இருக்கும் பருவத்தில் காகம்தான் விரட்டும். விரட்டினால் இறக்கிவிடுங்கள்.

கருவேலத்துக்குள் விழுந்துவிட்டால்?

டிரான்ஸ்மிட்டரை அணைக்காதீர்கள். விழுந்த திசையில் தூரத்து மரமோ கோபுரமோ ஒன்றை அடையாளம் வைத்துக்கொண்டு நேராக நடங்கள், நடுநடுவே நின்று ஸ்டிக்கை ஆட்டுங்கள். சர்வோ “கிர்ர், கிர்ர்” என்று கத்துவது இருபதடியில் கேட்கும். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுப் போங்கள், கருவேல முள் செருப்பைத் துளைத்துவிடும். இறக்கைக்கு அடியில் போன் நம்பரை அழியாத மையில் எழுதி வையுங்கள். எனக்கு இரண்டு தடவை போன் வந்திருக்கிறது. ஒரு தடவை விறகு வெட்டப் போன அக்கா ஒருவர் அழைத்து, “தம்பி, உங்க பிளைன் எங்க வீட்டுத் திண்ணையில இருக்கு, வந்து எடுத்துக்கங்க” என்றார். போய்ப் பார்த்தால் அவர் பையன் மூக்கிலிருந்த ஈயத்தைப் பிரித்தெடுத்துத் தூண்டிலில் கட்டியிருந்தான்.